கப்பல் போன பிறகு அண்ணன் சொன்னது

என் வீட்டிலிருந்து அந்தக் கப்பலில் ஏறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் என் வீட்டுக்காரர். அண்ணன் பாய்மரம் ஏறுகிறவர். வீட்டுக்காரர் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். புயலுக்குப் பிறகு அண்ணன் மட்டும் திரும்பி வந்தார்.

கேட்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் புயலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் புயலைத் தெரியாது. அன்றைக்கு எங்கள் தெருவில் நல்ல வெயில். நான் போர்வைகளைத் துவைத்து மாடியில் காயப் போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அண்ணனை. அவரைப் பற்றிச் சொன்னால் மற்றதும் அதில் வந்துவிடும்.

துறைமுகத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று கத்தினால்கூட, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் குதிப்பார் என்பார்கள். பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால் அது அவருக்குள் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதிலாக வெளியே வரும். கல்யாணத்தையும் அப்படித்தான் தள்ளிப் போட்டார். பெண் பார்க்க நாள் குறித்தால் அதற்கு முந்தின நாள் கப்பல் கிளம்பிவிடும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் கேட்பதையே விட்டுவிட்டோம்.

அந்தக் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பாய்மரம் வைத்த பழைய மரக்கப்பல். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் காலத்தில், கடல் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களையும், பாய்க்கப்பலில் ஒரு வாரம் போய்ப் பார்க்க ஆசைப்படுகிற பயணிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். துறைமுகத்தில் இரும்புக் கப்பல்களுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால், அலுவலகக் கட்டடங்களுக்கு மத்தியில் யாரோ ஒரு மரத்தை வெட்ட மறந்துவிட்டது போல இருக்கும். அதன் நடு மரத்தின் உச்சியில் ஏறி நின்றால் எங்கள் தெருவின் கூரைகள் தெரியும் என்று அண்ணன் சொல்வார். நான் காயப் போட்ட துணியை வைத்து இன்று என்ன கிழமை என்று கண்டுபிடிப்பாராம்.

பாய்க்கப்பல் என்றாலும் அதற்கு எஞ்சின் உண்டு. காற்று இல்லாதபோது ஓட, துறைமுகத்துக்குள் நுழைய, கப்பலின் அடியில் சேருகிற தண்ணீரை வெளியே இறைக்க. அந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர்தான் பிற்பாடு என் வீட்டுக்காரர் ஆனார். நகத்திலிருந்து கறுப்பு போகவே போகாது. அதனால் அவருக்கு 'கிரீஸ்' என்று பெயர். அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது அண்ணன் வழக்கம்போல நிறைய நேரம் யோசித்துவிட்டு, "ஒரே கப்பல்ல ரெண்டு பேரும் வேணாம்னு பாக்கறேன்" என்றார். ஆனாலும் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லா வேலையும் செய்தார்.

அவர்கள் இருவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒத்தும் போகாது. என் வீட்டுக்காரர் பாய் வேலையை 'மச்சானோட துணி உலர்த்துற வேலை' என்பார். அண்ணன் எஞ்சினை 'அடுப்பு' என்பார். ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தாலும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். "உன் புருஷன்கிட்ட சொல்லு, நேத்து அவரோட அடுப்புப் புகை என் புதுப் பாய் மேல கரியா படிஞ்சிருக்கு." "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, காத்து வர்ற வரைக்கும் ஊதிக்கிட்டு உட்காரச் சொல்லு." இரண்டு பேருக்கும் நடுவில் நான் குழம்புக் கரண்டியோடு நிற்பேன். கப்பலில் இருப்பவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள்: கப்பல் நின்றால் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள், ஓடினால் இருவரும் தன்னால்தான் என்பார்கள்.

அந்தக் கடைசிப் பயணத்தில் பயணிகள் யாரும் இல்லை. அடிப்பலகைகள் பழசாகி, தண்ணீர் கசிவது கூடியிருந்தது. வேறொரு துறைமுகத்தில், கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றிப் பலகை மாற்றுகிற இடத்தில், கப்பல் முதலாளி முறை வாங்கி வைத்திருந்தார். அந்த முறையை விட்டால் பல மாதம் காத்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு புயல் இருந்தது. அது திரும்பி விலகிப் போகும் என்று வானிலை அறிக்கை சொன்னது. கேப்டன் அதை நம்பிக் கப்பலை எடுத்தார். புயல் திரும்பியது உண்மைதான். இவர்கள் பக்கம் திரும்பியது.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்கள் தார்ப்பாய்க் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். கப்பல் மூழ்கிவிட்டது, சிலரை ஒரு சரக்குக் கப்பல் காப்பாற்றியிருக்கிறது, யார் யார் என்று இன்னும் தெரியவில்லை என்றார். மறுநாளும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். யாரோ கொடுத்த கால்சட்டை. இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே வரவில்லை.

"நான் மட்டும்தான் வந்திருக்கேன்" என்றார்.

அவர் அதைச் சொல்வதற்காகவே வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் என் பின்னால் வந்தாரா, எப்போது வந்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை.

எங்களுடையது கீழே கடை, மேலே வீடு. தார்ப்பாய் தைக்கிற கடை. லாரி மூடுகிற பாய், கடை முகப்புக்குப் போடுகிற நிழல் துணி, படகுக்கு உறை எல்லாம் தைப்போம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் நடத்துகிற கடை. ஒரு பெரிய தையல் மெஷின், தரை முழுக்க விரித்துப் போட்ட துணி, பித்தளை வளையம் அடிக்கிற சுத்தியல், மெழுகு நாற்றம். எங்களுக்குக் குழந்தை இல்லை. கடைதான் குழந்தை மாதிரி, எப்போது பார்த்தாலும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

வந்து ஒரு வாரம் கழித்து அண்ணன் ஒரு நாள் காலையில் கடைக்கு இறங்கி வந்தார். யாரையும் கேட்கவில்லை. ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து, மெஷினில் தைக்க முடியாத தடித்த ஓரங்களைக் கையால் தைக்க ஆரம்பித்தார். பாய் தைத்த கை அல்லவா, உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளினால் இரண்டு மடிப்புத் துணி வெண்ணெய் மாதிரி வழிவிடும். அன்றிலிருந்து அந்த மூலை அவருடையதாகிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். துறைமுக அலுவலகத்தின் மாடியில் ஒரு கூடம். இரும்பு நாற்காலிகள், அவ்வப்போது கீச்சென்று கத்துகிற மைக். விசாரணை அதிகாரி மெதுவாகப் பேசுகிற, எல்லாரையும் மரியாதையாக நடத்துகிற மனிதர். முதலாளி பக்கத்துக்கு ஒரு வக்கீல் இருந்தார். எஞ்சின் நின்றதால்தான் தண்ணீர் இறைப்பது நின்றது, இறைப்பது நின்றதால்தான் கப்பல் மூழ்கியது என்பது அவர் கட்சி. எஞ்சினுக்குப் பொறுப்பானவர் செத்துப் போயிருந்தார். செத்தவர் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கி வைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்.

கடைசியாக எஞ்சின் அறைக்குள் போய் வந்தவர் அண்ணன்தான். அதனால் அவரைக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. நம்ம அண்ணன் பேசப் போகிறார், பார்த்துக்கொள்வார் என்று.

"நீங்க கீழ போனப்ப எஞ்சின் ஓடிட்டிருந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல. நின்னிருந்தது."

"எஞ்சின்காரர் என்ன செஞ்சிட்டிருந்தார்?"

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு எப்போதும் ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆனது.

"தூங்கிட்டிருந்தார்."

கூடத்தில் ஒரே இரைச்சல். அதற்கு மேல் அவர் சொன்னது என்னைப் போல முன்னால் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்: "நின்னுக்கிட்டே. நெத்தியைக் குழாய்ல சாய்ச்சு. கப்பல் கிளம்பினதுலேருந்து அவர் படுக்கவே இல்ல."

வக்கீல் எழுந்தார். "ஆக, அவர் தூங்கினதால எஞ்சின் நின்னு போச்சு."

"எது முன்னாடி நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. நான் போனப்ப எஞ்சினும் நின்னிருந்தது, அவரும் தூங்கிட்டிருந்தார்."

"உங்க தங்கச்சி புருஷன்தானே அவர்?"

"ஆமா."

பிறகு கேப்டனைப் பற்றிக் கேட்டார்கள். கப்பலை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு கொடுத்தபோது கேப்டன் என்ன சொன்னார் என்று. அண்ணன் அதையும் சொன்னார். "எல்லாரும் படகுக்குப் போங்கன்னார். அப்புறம், 'தப்பாக் கணக்குப் போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க'ன்னார்." வக்கீல் அதையும் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் தெருவின் ஒரு ஓரம், அவர் மறு ஓரம். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி, "எதுக்கு அதைச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லக் கூடாதா? எத்தனைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க, இதுக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

அவர் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு அறிக்கை வந்தது. அந்த நிலைமையில் அந்தக் கப்பல் கிளம்பியிருக்கவே கூடாது, பலகைகள் அவ்வளவு மோசம், முதலாளிக்கும் கேப்டனுக்கும் அது தெரியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எஞ்சினைப் பற்றி ஒரு வரிதான். அது காரணம் அல்ல என்றுதான் அந்த வரியே சொன்னது. ஆனால் தெருவுக்கு அறிக்கை எதற்கு? கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். ஒருநாள் மளிகைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் இன்னொருத்தியிடம், "தூங்கிட்டாராமே, அந்த ஆளோட பெண்டாட்டி" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் தட்டை வைத்தபோது அது தேவைக்கு மேல் சத்தம் போட்டது.

பேசாமல் இருப்பது ஒரே வீட்டில் சுலபமான வேலை இல்லை. "சாப்பாடு ஆறுது" என்று கதவிடம் சொல்வேன். "நாளைக்கு லாரிக்காரன் வருவான்" என்று மெஷினிடம் சொல்வேன். அவர் மெஷினுக்காகத் தலையாட்டுவார். வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவரைத் தெரிந்த படகுக்காரர்கள் கூப்பிடவும் செய்தார்கள். போகவில்லை. தினமும் அந்த மூலையில் வந்து உட்கார்ந்தார். ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் வந்துவிட்டது.

அப்படி ஒரு நாள், கப்பலோடு போய்விட்ட கேப்டனின் மனைவி கடைக்கு வந்தார். அதுவரை அவரைத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, நிமிர்ந்து நடக்கிற பெண்மணி. அறிக்கை வந்த பிறகு அவர் வீட்டுச் சுவரில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் வாயிலிருந்து வந்த வார்த்தையால் காயப்பட்ட இன்னொருத்தி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாகக் கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.

அண்ணன் எழுந்து நின்றார். உள்ளங்கைத் தோல் பட்டையைக் கழற்றக்கூட இல்லை.

"நீங்க விசாரணையில சொன்னீங்களே, அவர் சொன்னதா," என்றார் அந்த அம்மா. "அது நிஜமா?"

"நிஜம்தாம்மா."

"மன்னிச்சுக்குங்கன்னு சொன்னாரா? அந்த வார்த்தையே சொன்னாரா?"

"அந்த வார்த்தையேதான்."

"எப்படிச் சொன்னார்?"

அண்ணன் யோசித்தார். "குரல் உடைஞ்சு போச்சு அவருக்கு. கை நடுங்கிட்டிருந்தது. சுக்கானை விட்டா கை நடுங்கறது எங்களுக்குத் தெரிஞ்சிடும்னு அதைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். ஆனா எங்க முகத்தைப் பாத்துச் சொன்னார். ஒவ்வொருத்தர் முகமா."

அந்த அம்மா நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு என் மேலதான்னு சொன்னதில்ல. உப்பு டப்பாவைத் தட்டிவிட்டாலும் அது அங்க இருந்ததுதான் தப்பு. அந்த வார்த்தையை அவர் வாயில கேக்கணும்னு நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா. கடைசியில உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிட்டார்."

அண்ணன் அப்போதுதான் தோல் பட்டையைக் கழற்றினார்.

"வர்றவங்க எல்லாம், சிலை மாதிரி நின்னார், சிலை மாதிரி நின்னார்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் சிலையோட குடும்பம் நடத்தல. நீங்க சொன்னதுதான் அவர் மாதிரி இருக்கு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "கை நடுங்கினதா சொன்னீங்கல்ல. அதை அங்க ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அதை யாரும் கேக்கலம்மா" என்றார் அண்ணன்.

அவர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வந்து, அண்ணன் எதிரே தரையில், விரித்துக் கிடந்த தார்ப்பாய் மேல் உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக நானும் எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேனே ஒழிய, என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"என் வீட்டுக்காரர் எப்படி இருந்தார்? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுச் சொன்னார்.

விடிந்தபோது காற்று பாய்களைக் கிழித்துவிட்டதாம். இரவு முழுக்க மரத்தில் ஏறி இறங்கியவருக்கு மேலே செய்ய வேலையே இல்லை. கீழே எஞ்சின் சத்தம் நின்றது கேட்டது. கேப்டன் போய்ப் பார்க்கச் சொன்னார். ஏணியில் இறங்கினால் முழங்கால் வரை தண்ணீர், அதன் மேல் எண்ணெய். கப்பல் புரண்ட புரளலில் டேங்கின் அடியில் இருந்த கசடெல்லாம் கலங்கி, எண்ணெய் வருகிற குழாயை அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடைக்க அடைக்க இவர் சுத்தம் செய்து ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஸ்பேனர் கையில் இருக்க, நெற்றியைக் குழாயில் சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"தோளைத் தொட்டேன். முழிச்சதும், 'நின்னுடுச்சா மச்சான்?'னார். நேரா என்கிட்ட கேட்டார். நடுவுல நீ இல்லாம நாங்க பேசினது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன்."

அண்ணன் டார்ச் பிடித்தார். அவர் குழாயைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். எஞ்சின் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார்கள். அண்ணனுக்கு எதை எங்கே திருக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மத்தியானம் வரை அண்ணன் மேலே போகவில்லை. இரண்டு பேருமாக அந்த எஞ்சினை ஓட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசினீங்களா?"

"பேசினோம். எனக்குப் பயமா இருக்கு மச்சான்னார். எனக்கும்தான் மாப்பிள்ளைன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு. சமையலறைக் குழாய் ஒழுகுது, வாஷர் வாங்கி வெச்சிருக்கேன், கிளம்பற அவசரத்துல மாட்டல, அவ திட்டிட்டிருப்பான்னார்."

நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவர் கப்பலுக்குக் கிளம்பின மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அந்தக் குழாயையே மாற்றிவிட்டேன். வாஷர் எங்கே வைத்திருந்தாரோ, கண்ணில் படவே இல்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, கப்பலை விட்டு இறங்கப் போகிறோம், எல்லாரும் மேலே கேப்டனிடம் வாருங்கள் என்று மேலேயிருந்து குரல் வந்தது. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். "அவர் சொன்னார், 'பம்ப் ஓடற வரைக்கும் கப்பல் நிக்கும். படகு இறக்கறதுக்கு நேரம் வேணும்ல. நீங்க போங்க, இதோ வர்றேன்'னு."

இதோ வர்றேன். சாப்பிடக் கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத்தான் தெரியும்.

"வர்றேன்னு நம்பித்தான் போனேன்" என்றார் அண்ணன். "முதல் படகு இறங்கிடுச்சு. ரெண்டாவதும் இறங்கிடுச்சு. நான் ஏறாம அவருக்காக நின்னேன். எஞ்சின் அது வரைக்கும் ஓடுச்சு. அந்தச் சத்தம் என் பாதத்துல தெரிஞ்சுக்கிட்டே இருந்தது. அப்புறம் நின்னுச்சு. அவர் மேல வந்துட்டார். நான் பாத்தேன். ஏணி வாசல் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல வந்த மாதிரி கண்ணைச் சுருக்கினார். நான் கைகாட்டினேன், அவரும் பாத்தார். அப்போ கப்பல் சாஞ்சுது."

மழைச் சத்தத்தில் அவர் குரலைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு அலைக்கும் எழுந்துக்கிட்டே இருந்த கப்பல், ஒரு அலைக்கு எழுந்திரிக்கல. அவ்வளவுதான். ஒரு பக்கமாப் படுத்துக்கிச்சு. நான் தண்ணியில இருந்தேன். உடைஞ்ச கட்டை ஒண்ணு கிடைச்சுது. திரும்பிப் பாத்தா வாசல் இருந்த இடத்துல தண்ணிதான். கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்னு தெரியல. அப்புறம் கப்பல் மெல்ல நிமிர்ந்துது. மூணு மரமும் நேரா நின்னுச்சு, துறைமுகத்துல நிக்கற மாதிரி. அப்படியே நேரா இறங்குச்சு. நான் ஏறின ஒவ்வொரு குறுக்குக் கட்டையா உள்ள போச்சு. கடைசியா நடு மரத்து உச்சி."

அவர் மறுபடி ஊசியை எடுத்தார். பிறகு நான், "பம்ப் ஓடினதை, படகு இறங்கற வரைக்கும் அவர் நின்னதை எல்லாம் அங்க சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அதைச் சொல்றப்ப நீ எழுந்து வெளிய போயிட்டே."

போயிருந்தேன். 'தூங்கிட்டிருந்தார்' என்ற வார்த்தைக்குப் பிறகு, கேப்டனைப் பற்றிக் கேட்டது வரை எனக்குக் காதில் விழுந்தது. அதற்கப்புறம் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் முடித்துவிட்டு வரும் வரை அங்கேயே இருந்தேன்.

"தூங்கினதை மறைச்சிருந்தா," என்றார் அண்ணன், "மத்ததையும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அப்படின்னு யோசிச்சுச் சொன்னேன்னு சொல்ல மாட்டேன். கேட்டாங்க, சொன்னேன். ஆனா பிற்பாடு அப்படித் தோணுச்சு."

அதற்குப் பிறகு நாங்கள் பேச ஆரம்பித்தோம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில நாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும், இவர் வந்தார் அவர் வரவில்லையே என்று ஒரு கணம் சுருக்கென்று இருக்கும். அவருக்கும் அது தெரியும். அந்த நாட்களில் தேநீரை அவரே போட்டுக் குடித்துவிட்டுக் கீழே போய்விடுவார்.

எப்போதாவது பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கடலின் கோபம், கடலின் பசி என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்து அவரை ஆமாம் சொல்லச் சொல்வார்கள். "கடலுக்கு எங்களைத் தெரியவே தெரியாது தம்பி. தெரிஞ்சாத்தானே கோபம் வரும்" என்பார் அவர். கப்பல் ஏன் மூழ்கியது என்று கேட்டால், ஒரு காரணம் சொல்ல அவருக்கு வராது. பழைய பலகை என்பார். காற்று என்பார். முறை தப்பிவிடக் கூடாது என்ற அவசரம் என்பார். கடைசியில், "எல்லாரும் நல்ல வேலைக்காரங்க. நல்ல வேலைக்காரங்க இருந்தா கப்பல் தாங்கும்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் இருந்துச்சு" என்று நிறுத்திவிடுவார். அவர்களுக்குத் தலைப்பு கிடைக்காது. வந்த வழியே போய்விடுவார்கள்.

என்னிடம் மட்டும் வேறு விதமாகச் சொன்னார், ஒரு தடவை, வளையம் அடித்துக்கொண்டே. "இரும்புக் கப்பல் மூழ்கினா ஒரு பொருள் போச்சும்பாங்க. இது மரம், துணி, கயிறு. அதுல என் கை படாத இடம் ஒண்ணு இல்ல. அந்தத் துணியில என் தையல் இருக்கு, அந்த எஞ்சின்ல அவர் கை இருக்கு. கீழ எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கும்." அதை அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியாது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

போன வருடம் நான் ஒரு ஆசை சொன்னேன். அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. பயணிகள் கப்பல் ஒன்று அந்த வழியாகத்தான் போகிறது, காலையில் ஏறினால் சாயங்காலம் அக்கரை. அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கப்பல்காரன் தங்கச்சி, எஞ்சின்காரன் பெண்டாட்டி, ஆனால் நான் அதுவரை கடலில் போனதே இல்லை. துறைமுகச் சுவரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் பையிலிருந்து துண்டை எடுத்தார். எல்லாம் தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறார். வழி முழுக்க நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அவர் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை தலையைத் தூக்கியபோது, "தாண்டிட்டோம்" என்றார்.

"எங்க?"

பின்னால் கை காட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்.

"குறி வெச்சுச் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் எங்கயோ" என்றார்.

மறுநாள் திரும்பும்போது மாத்திரை போட்டுக்கொண்டு மேல் தளத்தில் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் பக்கத்தில் இருந்தார். நல்ல வெளிச்சம், அலையே இல்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நான் கண்ணை எடுக்கவில்லை. ஒரு இடத்தில் அண்ணன் பேசாமல் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். பக்கத்துப் பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, கரை வந்துவிட்டது போல என்று அவசரமாகத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் நேரம் இருக்கு. நீங்க உட்காருங்க" என்றார் அண்ணன் அவரிடம்.